மலையில் கேட்ட குரல்

இருபது வருடத்துக்கு முன்பு மஸ்கட் ரூவியில் ஒரு சர்வே கம்பெனியில் டிரைவராக இருந்தேன். ராமநாதபுரத்துக்காரனான எனக்கு மலையே புதிது. எங்கள் சர்வேயர் ரோசா மேடம் பெரு நாட்டுக்காரர், கெச்சுவா மொழி பேசும் மலை மாகாணத்தில் பிறந்தவர். அங்கே ஒவ்வொரு மலைக்கும் பெயர் உண்டு, மரியாதையும் உண்டு என்பார்.

ஒரு மத்தியானம் மலைமேல் சைட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். திடீரென்று அம்மாவின் குரலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தபடி அந்தப் பக்கம் நடந்தேன். மேடம் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பதில் சொல்லாதீங்க! கீழே பாருங்க."

என் காலடியில் சரளைக்கல் சரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் அதலபாதாளம்.

"உங்களுக்கும் கேட்டதா மேடம்?"

"கேட்டது. ஆனா என் பெயரைத்தான் கூப்பிட்டாங்க. எங்க ஊர் மொழியில."

பிளாஸ்கில் இருந்த டீயை மலைக்குப் படைப்பதுபோல் தரையில் ஊற்றி, மலையைப் பார்த்து கெச்சுவாவில் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு இருவரும் இறங்கினோம்.

சாயங்காலம் பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டேன்.

"எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மா சிரித்தாள்.

நிம்மதியாக இருந்தது. அப்படியானால் கூப்பிட்டது யார் என்று யோசித்த அடுத்த நிமிடமே உடம்பு சில்லிட்டது. அதற்குப் பிறகு எந்த மலையையும் வெறும் கல் என்று என்னால் நினைக்க முடிந்ததில்லை.