இஸ்திரி மேசை நீதிமன்றம்

உலகத்திலேயே பெரிய நீதிமன்றம் எங்கள் சித்தியின் படுக்கையறையில்தான் நடக்கிறது. உச்ச நீதிமன்றமெல்லாம் அதற்கு வராந்தா. இஸ்திரி மேசைதான் மேடை. அதன்மேல் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்திய செல்போன். சித்தி, மேலே கறுப்புக் கோட்டு, கீழே பூப்போட்ட பைஜாமா.

சித்தி வக்கீல். கோர்ட்டில் அவருக்கு வழக்கு வருவது அத்தி பூத்தாற்போல. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பு. பொய் வழக்கு ஒன்று, பொய் சாட்சி ஒன்று. அந்தச் சாட்சி நான். பத்தாம் வகுப்பும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டதால் எனக்கு நேரம் உண்டு. சமையலறையில் இன்னொரு போனோடு உட்கார்ந்து, ஸ்கூட்டர் திருடனைக் கண்ணால் பார்த்ததாகப் புளுகுவேன். கதைப்படி அப்போது நான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அதைச் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு அவர்கள் என்னிடமிருந்து கறக்க வேண்டும்.

கூலி, வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட். "அதுக்காகத்தான் வர்றேன், வேற எதுக்கும் இல்ல" என்று மறக்காமல் சொல்லிவிடுவேன்.

அன்று கல்லூரி முதல்வரே திரையில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் சொதப்பினால் வகுப்புக்கு மூடுவிழா. கேள்வி கேட்க வந்தவளோ 'நடுக்கம்'. பெயர் நான் வைத்தது. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் மைக் மூடியிருக்கும். இன்றோடு வகுப்பு காலி என்று முடிவுகட்டினேன்.

"உங்க... உங்க வீடு எந்தத் தெருங்க?"

"ஐயோ, நான் பார்க்கவே இல்லைங்க! கண்ணாடியே போடலைங்க! என்னை விட்டுடுங்க!" என்று கதறினேன்.

திரையில் ஒருவரும் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். முதல்வர் கைதட்டினார். "பலே! ஒரே கேள்வியில சாட்சி விழுந்துடுச்சே!"

அப்பாடா என்றிருந்தது. அப்போது சித்தி சொன்னார்: "சார், இந்தச் சாட்சி நடிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் தலையில் தானே யாராவது கல்லைப் போட்டுக்கொள்வார்களா?

"கண்ணாடியப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"இல்ல, சித்தி."

"கோர்ட்ல ஏது சித்தி?"

"இல்லைங்க, மேடம்."

"கேக்காததுக்கு பதில் சொல்ற சாட்சி எதையோ மறைக்குது. நீ தோண்டும்மா. 'ஏன்'னு மட்டும் கேட்டுடாத, கதை விட்டுத் தப்பிச்சிடும். ஆமா, இல்லைக்கு மேல வாய் திறக்க விடாத."

நடுக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சொதப்புவேன்னு பயந்தீங்க. சரிதானே?"

"...ஆமா."

"நான் சொதப்பினா மேடம் வகுப்பு போயிடும்?"

"ஆமா."

"அது போகக் கூடாதுன்னுதான் பொய்யா அழுதீங்க?"

குரலில் நடுக்கமே இல்லை.

"இல்லைங்க. பிஸ்கட்டுக்காக."

முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். "முதல்ல பார்த்தது நாடகம், இதுதான் விசாரணை. வகுப்பு நடக்கட்டும், மேடம்."

போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே கோட்டும் பைஜாமாவுமாகச் சித்தி. மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, நான் ஒளித்துவைத்திருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையல் மேடையில் அடுக்கினார்.

"சாட்சி அவர்களே, இதுல ஒண்ணாவது பிரிச்சிருக்கா? ஆமாவா, இல்லையா?"