எதிர்காலத்தில் திருத்தப்பட்ட கோப்பு

அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயர் அவனுடைய அடையாள அட்டையில் இருந்தது. அட்டை பெரும்பாலும் வீட்டில் இருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் அவன் லேட்டு. வாட்ச்மேன் மட்டும் மரியாதையை விடாமல் "லேட்டு சார்" என்பார்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லேட், பரீட்சைக்கு லேட், வேலைக்கான இன்டர்வியூவுக்கு லேட். தன் கல்யாணத்துக்கே லேட்டாகப் போய்ச் சேர்ந்த மகானுபாவன். கல்யாணப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நேரத்துக்கு ஊசி, நேரத்துக்கு மாத்திரை என்று பழகியவள். மூச்சிரைக்க வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நாள்பட்ட கேஸ்" என்று தன் அக்காவின் காதில் சொன்னாளாம். அக்கா அதை இன்றுவரை போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வைத்தியத்தை அவள் உடனே ஆரம்பித்தாள். வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள். ஆனால் இவன் கணக்கில் புலியாயிற்றே. கடிகாரத்தைப் பார்த்தான், பத்தைக் கழித்தான், "இன்னும் நேரம் கிடக்கு" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். அவள் கால் மணி தள்ளினாள். இவன் கால் மணியைக் கழித்தான். கழித்த சந்தோஷத்தில் கூடுதலாகக் கொஞ்சம் தூங்கினான். கடைசியில் அவள் கைவிட்டுவிட்டாள் என்றுதான் இவன் நினைத்தான்.

இப்படிப்பட்டவன் என்ன வேலை பார்த்தான் தெரியுமா? கெர்னல் எழுதினான். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. யார் கண்ணுக்கும் தெரியாது. அது கலங்கினால் மற்ற எதுவும் நடக்காது. லிஃப்டுக்குள்ளும் ஆலை இயந்திரங்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கெர்னல் செய்து தரும் கம்பெனி அது. அதில் எந்த வேலை எந்தக் கணத்தில் நடக்க வேண்டும் என்று முறை வைக்கிற பகுதி இவனுடையது. ஒரு நொடியைப் பத்து லட்சம் துணுக்காகப் பிளந்து, எந்தத் துணுக்கு யாருக்கு என்று அவன் எழுதினால் அதில் ஒரு பிசிறு இருக்காது. முழு மணிகளோடுதான் அவனுக்கு ஒத்துப்போகவில்லை.

ஒருநாள் மேலாளர் மேடம் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே அவனுக்குப் பகீரென்றது.

"நீங்க நல்லா எழுதறீங்க. நான் இல்லைங்கலை. ஆனா காலை மீட்டிங்ல உங்க காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போச்சு. இன்னொரு தடவை லேட்டா வந்தீங்கன்னா கெர்னலை மறந்துடுங்க. கையேடு எழுதற செக்‌ஷன்ல இடம் இருக்கு. 'பொத்தானை அழுத்தவும், பச்சை விளக்கு எரியும்.' நாள் பூரா எழுதிட்டு இருக்கலாம்."

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னான்.

"கெர்னலை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?" என்றபோது குரல் உடைந்துவிட்டது. உண்மையிலேயே பயந்து போயிருந்தான். அந்த வேலை ஒன்றில்தான் தான் உருப்படியான ஆள் என்று அவனுக்கு நம்பிக்கை.

"முதல்ல சாப்பிடுங்க. பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

மறுநாள் அவன் நேரத்துக்குப் போனான். அதற்கு மறுநாளும் போனான். சொல்லப்போனால் மீட்டிங் அறையில் நாற்காலிகளைத் தவிர அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. அங்கே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம் பேட்டரி போய் எந்தக் காலத்திலோ நின்றிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வர வர, இவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "என்னப்பா, நேரத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?" என்று கேட்கவும் செய்தான். கேட்ட வாயை எல்லோரும் வெறித்துப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் அவன்தான் முதல் ஆள். சாயங்காலம் கிளம்புவதிலும் முதல் ஆள். அதை மட்டும் யாரும் பாராட்டவில்லை. லேட்டு என்ற பட்டம் போய் முந்திரிக்கொட்டை என்ற பட்டம் வந்தது. பதவி உயர்வு மாதிரி அதை அவன் ஏற்றுக்கொண்டான்.

சீக்கிரம் வந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? அவன் பொறுப்பில் ஒரு ஹெட்டர் ஃபைல் இருந்தது. கெர்னலில் உள்ள அத்தனை கோப்புகளுக்கும் பொதுவான விவரங்களை ஓரிடத்தில் எழுதி வைக்கும் கோப்பு அது. மற்ற கோப்புகளெல்லாம் அதற்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கும். காலை வேளையில் உட்கார்ந்து அதை மெருகேற்றத் தொடங்கினான். இங்கே ஒரு வரியைத் தட்டுவான், அங்கே ஒரு குறிப்பைத் திருத்துவான், லேப்டாப்பிலிருந்து அப்படியே எல்லோருக்கும் பொதுவான சர்வரில் ஏற்றுவான். ஒரு நாளைக்கு இப்படிப் பல தடவை.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பைல் படுத்துக்கொண்டது.

கம்பைல் என்றால், மனிதர் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதனால் அழுக்கான துணியை மட்டும் துவைப்பது போல, திருத்திய கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். எது அழுக்கு என்று எப்படித் தெரியும்? நேரத்தை வைத்துத்தான். கோப்பைத் திருத்திய நேரம், அதைக் கடைசியாகக் கம்பைல் செய்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மறுபடி துவை, இல்லையென்றால் விட்டுவிடு. ஹெட்டரைத் தொட்டால் எல்லாவற்றையும் ஒரு தடவை துவைக்க வேண்டியதுதான். அது முறை. ஆனால் இப்போது துவைத்ததையே துவைத்தது, காயப்போட்டதைத் திரும்ப எடுத்துத் துவைத்தது. ஒரு எழுத்தை மாற்றிவிட்டுப் பொத்தானைத் தட்டினால், ஊருக்குப் போய்விட்டு வரலாம் போலிருந்தது.

ஆபீஸே தலையைப் பிய்த்துக்கொண்டது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மேடம் யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? நேரம் தவறாத நம்ம ஆளிடம்தான்.

அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். கம்பைல் செய்கிற மென்பொருளின் புதுப் பதிப்பு மேல் பழி போட்டுப் பழையதைக் கொண்டுவந்தான்; ஒரு மாற்றமும் இல்லை. சர்வரின் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்றான். மாற்றினார்கள், அதுவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் பல வரிகளை ஒரே பெயருக்குள் சுருக்கி எழுதிய நீளமான மேக்ரோ ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். பாவம், அந்த மனிதர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். இதில் வேடிக்கை, இவனுடைய லேப்டாப்பில் கம்பைல் பறந்தது. "என்கிட்ட நல்லாத்தானே ஓடுது? நீங்க எல்லாம் ஏதோ தப்பா பண்றீங்க" என்று ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பினான். அந்த மெயில்கள் எல்லோருடைய இன்பாக்ஸிலும் அசையாமல் உச்சியிலேயே நின்றன. முந்திரிக்கொட்டையின் மெயில் கூட முந்திரிக்கொட்டைதான் என்று சிரித்தார்களே தவிர, ஏன் என்று ஒரு ஜீவன் யோசிக்கவில்லை.

நடுவில் பல் பிடுங்க ஒருநாள் லீவு போட்டான். திரும்பி வந்து வழக்கம் போல ஹெட்டரை மெருகேற்றத் தொடங்கியதும், வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கூட விசாரிக்காமல், கெர்னலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் ஓடி வந்தாள். ஆபீஸில் அவனை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே காலை வாருகிற ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணா, நேத்து என்ன ஓட்டம் தெரியுமா! கம்பைல் பிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னைக்கு நீங்க வந்தீங்க, மறுபடி படுத்துடுச்சு. கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு வேற பல் ஏதாவது ஆடுதா?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கெர்னல்காரன் புத்தி விழித்துக்கொண்டது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசையிலேயே உட்கார்ந்தான். கம்பைல் ஓடும்போது திரையில் எச்சரிக்கைகள் வரும். கொசுத் தொல்லை மாதிரி இருக்கிறது என்று பல வருடங்களுக்கு முன்னால் அவற்றையெல்லாம் மறைத்து வைத்த புண்ணியவானும் இவனேதான். "திறந்து விடு" என்றான். திறந்ததும் வரிகள் கொட்டின. நூற்றுக்கணக்கான குப்பைக்கு நடுவே ஒரு வரி: இந்தக் கோப்பு எதிர்காலத்தில் திருத்தப்பட்டுள்ளது.

"எதிர்காலத்துலயா? எந்தப் பைத்தியக்காரன் ஃபைலு அது?" என்று சிரித்தான்.

"உங்க ஹெட்டர்தான், அண்ணா."

சிரிப்பு அப்படியே நின்றது. அவளுடைய திரை மூலையில் இருந்த மணியைப் பார்த்தான். தன் லேப்டாப்பின் மணியைப் பார்த்தான். இருபது நிமிடம் வித்தியாசம். லேப்டாப்பில் கடிகாரத்துக்கான குட்டி பேட்டரி போயிருக்கும் என்று சமாளித்துக்கொண்டு போனை எடுத்தான். அதுவும் அதே இருபது நிமிடம் முந்தி நின்றது. கைக்கடிகாரமும் அப்படியே. ஒன்று தப்பாக ஓடினால் ரிப்பேர். மூன்றும் ஒத்துப் பேசிக்கொண்டு ஒரே பொய்யைச் சொன்னால் அது சதி. சதிகாரி யார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாம் புரிந்தது. அவன் ஹெட்டரை ஏற்றும்போதெல்லாம் அதன் மேல் இன்னும் பிறக்காத ஒரு நேரம் முத்திரையாக விழுந்தது. மற்றவர்கள் எவ்வளவு கம்பைல் செய்தாலும் ஹெட்டர் அதற்குப் பிந்தியதாகவே நின்றது. அந்த இருபது நிமிடம் கடப்பதற்குள் இவன் அடுத்த திருத்தத்தை ஏற்றிவிடுவான். இவனுடைய லேப்டாப் மட்டும் தன் பொய்யோடு தானே ஒத்துப்போனது. அங்கேதான் ஒரு குறையும் இல்லையே.

அவன் மனைவிக்குப் போன் போட்டான். "வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தான். பிறகு லேப்டாப் கடிகாரத்தைச் சரிசெய்து, ஹெட்டரைப் புதிதாக ஏற்றினான். எல்லாவற்றையும் ஒரு தடவை துவைத்து முடித்ததும், அடுத்த கம்பைல் டெஸ்டர் பெண் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்தது. நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. அந்த ஆசை அவனுக்கு வராமல் இல்லை.

"நான் வாயைத் திறக்க மாட்டேன், அண்ணா. நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அவள்.

பக்கத்து மேசைக்காரரின் ஒரு வார மௌனம் ஞாபகத்துக்கு வந்தது. அசடு வழிய மேடத்திடம் போய் ஒன்று விடாமல் சொன்னான். மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. துடைத்துப் போட்டுக்கொண்டதும் முகம் பழையபடி ஆனது.

"கம்பைலைச் சரி பண்ணிட்டீங்க. சந்தோஷம். அப்போ இத்தனை நாள் நேரத்துக்கு வந்தது நீங்க இல்லை, உங்க வீட்டம்மா. நாளைக்கு யார் வரப்போறீங்க? நான் அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்போ பண்ணே?"

"நீங்க குளிக்கப் போனப்போ. போன், லேப்டாப், வாட்ச், சுவர்க் கடிகாரம், வாஷிங் மெஷின். எதையும் விடலை."

"ஆபீஸே நாறிப்போச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கழிச்சிடுவீங்களே! மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு விளக்கம் சொல்லிட்டு இருந்தா எங்க வார்டுல பாதிப் பேர் முழுங்கவே மாட்டாங்க."

சண்டை போட வந்தவனுக்குச் சண்டை மறந்துபோனது. தனக்காக ஒருத்தி வாஷிங் மெஷினின் மணியைக்கூடத் தள்ளி வைத்திருக்கிறாள். தன் வேலை தனக்கு எவ்வளவு முக்கியம் என்று தன்னைவிட இவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது. அதை மறைக்க ஷூவைக் கழற்றுகிற மாதிரி குனிந்தான்.

"இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றான் தரையைப் பார்த்து. "காலையில கண்ணைத் திறந்ததும் மனசு தானா இருபதைக் கழிச்சிடும். என்னால நிறுத்த முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் எழுந்து வந்து கையை நீட்டினாள். "வாட்சையும் போனையும் குடுங்க."

வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தவள் சுவர்க் கடிகாரத்தையும் இறக்கி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ திருகினாள்.

"எவ்வளவு வெச்சே?"

"சொல்ல மாட்டேன். தினமும் மாத்துவேன்."

"லேப்டாப்பை மட்டும் தொடாதே. ஆபீஸ் தாங்காது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, லேப்டாப் திரையில் மணி தெரியும் மூலையின் மேல் அழுத்தி ஒட்டினாள். வீட்டில் கண்ணுக்குத் தெரியும்படி உண்மையைச் சொல்லும் கடிகாரம் ஒன்றுதான் மிச்சம்: அவள் யூனிஃபார்மில் குத்தியிருந்த நர்ஸ் வாட்ச். அவன் எட்டிப் பார்த்தான். அவள் அதைக் கையால் மூடிக்கொண்டு, "போய்த் தூங்குங்க" என்றாள்.

காலையில் விழித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மனசு வழக்கம் போலக் கழிக்கத் தயாரானது. ஆனால் எதைக் கழிப்பது? பத்தா, முப்பதா, ஒன்றுமே இல்லையா? கழிப்பதற்கு எண் இல்லாமல் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருதிருவென்று முழித்தான். பிறகு காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல ஓடினான்.

ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவன் வாசற்படியில் உட்கார்ந்து, மூலையில் பிளாஸ்திரி ஒட்டிய லேப்டாப்பை மடியில் விரித்துக்கொண்டான். ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் பையுமாக மேடம் படியேறி வந்தார். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்க இது! மணி என்ன ஆச்சு?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது, மேடம்" என்றான்.