உறையில்லாத இழைகள்

ஒரு மனிதனின் வலியை நான் பொய்யாக்கினேன். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினேன். அதுவே போதுமாயிருந்தது!

நரம்புகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பரிசோதிப்பது வைத்தியசாலையில் என் வேலை. குருநகர்க் கடற்றொழிலாளி மரியதாஸ் தம் மனைவி றீற்றாவுடன் வந்தார். உள்ளங்கால் எரிகிறது, படகில் நிற்க முடியவில்லை என்றார். கடலுக்குப் போகாதிருக்கச் சாட்டுச் சொல்கிறார் என்பது வீட்டாரின் எண்ணம். சாட்டா, நோயா? நான்தான் சொல்ல வேண்டும்.

கால்கள் விறைத்துக் கிடந்தன. எரிவு தாங்காமல் மீன்பெட்டி ஐசுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார். குளிர்ந்த காலில் நரம்பில் ஓடும் மின்குறிப்பு தாமதிக்கும். ஆகவே வழக்கம்போல் இளஞ்சூட்டு நீரில் வைக்கச் சொன்னேன். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு... அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு துடித்தார். நான் பார்த்தேன்! பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பரிசோதனையில் எல்லாம் இயல்பாகவே வந்தது. வராமல் என்ன செய்யும்? தொடுகையை உணர்த்தும் நரம்பிழைகள் தடித்தவை, கொழுப்புறை போர்த்தவை. மின்குறிப்பு அவற்றில் பறக்கும். எங்கள் இயந்திரம் அவற்றைத்தான் பதியும். எரிவையும் சூட்டையும் வலியையும் சுமப்பவையோ மெல்லியவை, பெரும்பாலும் உறையற்றவை. அங்கே குறிப்பு ஊர்ந்துதான் வரும். அவை செத்துக்கொண்டிருந்தாலும் என் திரை காட்டாது. உங்களுக்கே இப்போது தெரிந்துவிட்டது... அவருக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

"மிஸ், இவருக்கு ஒண்டும் இல்லையோ?" றீற்றா கேட்டாள்.

"ஓம் அக்கா, நரம்பெல்லாம் நல்லாயிருக்கு."

"மாதாவே! கேட்டியளே? நான் அப்பவே சொன்னனான்தானே!"

மரியதாஸ் என்னைப் பார்த்தார். ஈரம் துடைக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை? வெளியே வாங்குப் பலகைகள் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குக் களைப்பு. அவ்வளவுதான்... இதைவிடப் பெரிய காரணமாவது இருந்திருக்கக் கூடாதா! அவரை அனுப்பிய மருத்துவரிடமும் அதே பாதியைத்தான் சொன்னேன்; இளஞ்சூட்டில் அவர் துடித்ததைச் சொல்லவில்லை.

நெடுநாள் கழித்து, போன மாதம் சந்தையில் றீற்றாவைக் கண்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சொன்னதுக்குப் பிறகு மனுசன் எரியுது எண்டு வாயே திறக்கேல்லை, மிஸ். ஒழுங்காக் கடலுக்குப் போறார். முந்தாநாள் கொதிதண்ணி காலிலை ஊத்துண்டது, தெரியவே இல்லையாம்! ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்த இழைகள் செத்துவிட்டன. இனிக் காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? மீன் என்ன விலை என்று கேட்டேன்...

நல்ல பாரை மீனாகப் பொறுக்கி, காசு வேண்டாம் என்று என் பையில் போட்டாள். வாங்கிக்கொண்டேன். மத்தியானம் கறி வைத்தேன். சாப்பிட்டும் விட்டேன்.