தாயில்லாப் பிள்ளைகள் எழுந்து நிற்கலாம்

உயிரோடிருந்த ஒரு பெண்ணைச் செத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் என் அண்ணனின் மனைவி. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறையில் வைத்துச் சொன்னேன். அப்போது அவளுடைய மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். யாரும் என்னை மிரட்டவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகவும் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த மகளுக்கு இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அண்ணன் பர்மாவில், மோல்மீனில், ஒரு மரக் கம்பெனியில் வேலையாக இருந்தார். அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மதினி புத்தரைக் கும்பிடப் பகோடாவுக்குப் போகிறவள். அண்ணன் அவளை மாறச் சொன்னதில்லை, அவளும் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுப்புச் சொல்லவில்லை. ஊரில் எங்கள் சபையாருக்கு இந்தக் கல்யாணம் அரைகுறையாகத் தெரியும். அண்ணன் தூரதேசத்தில் குடும்பமாயிருக்கிறார் என்று மட்டும் நான் சொல்லி வைத்திருந்தேன்.

பிள்ளைக்கு ஒன்பது வயதானபோது அண்ணனைக் காட்டுக்குள் மரம் வெட்டுகிற கூப்பில் போட்டுவிட்டார்கள். மகள் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிடுவாள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதனால் மதினியைச் சம்மதிக்க வைத்து, பிள்ளையைத் தச்சநல்லூரில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அவள் தாயிடம் பர்மியப் பேச்சும், தகப்பனிடம் தமிழும், மோல்மீன் கடைத்தெருவில் இந்துஸ்தானியும் கற்றிருந்தாள். வந்த மறுநாளே எங்கள் ஆட்டை இந்துஸ்தானியில் அதட்டினாள். கயிறு தாண்டும்போது பர்மியத்தில் எண்ணினாள். தாய் கொடுத்துவிட்ட ஒரு மரத்துண்டைக் காலையில் அம்மியின் ஓரத்தில் வைத்துச் சந்தனம்போல் இழைத்து இரண்டு கன்னத்திலும் பூசிக்கொள்வாள். என் மனைவிக்கும் பூசிவிட்டாள். இரண்டு பேரும் அந்த முகத்தோடு எனக்குச் சோறு போட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

எந்தப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு முதல் வாரத்திலேயே வந்தது. எங்கள் தெருக்கோடியில் முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடம் இருந்தது. பக்கத்துச் செக்கு முனகுகிற சத்தத்தோடு பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி வாய்ப்பாடு சொல்வார்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் நெசவுக்காரர் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைப் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கான இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. அது தனியார் மிஷன் நிர்வாகத்தில் நடந்தது. சம்பளம் கட்டவேண்டும், விடுதியில் தங்கவேண்டும், சாப்பாட்டு மேஜையில்கூட இங்கிலீஷ்தான். அதே நிர்வாகத்தின் ஆண் பிள்ளைகள் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தேன்.

அண்ணன் தெருக்கோடிப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“இதுவே போதும்லே,” என்றார். “இங்கன பாதிப் பிள்ளைகளுக்கு அப்பன் கப்பல்ல போனவன். எம் மவள ஒருத்தனும் வேடிக்க பாக்க மாட்டான்.”

“அங்க போனா என்னத்தப் படிப்பா? மூணு பாஷையும் அரையும் குறையுமா நிக்கும்.”

“நிக்கட்டும். அவ பேச்சு அவகிட்ட இருக்கட்டும். பைய எழுதப் படிச்சா போதும்.”

அவர் கப்பலுக்குக் கிளம்பும்போது, நீ வாத்தியார், உனக்குத் தெரியும் என்று முடிவை என்னிடமே விட்டுப் போனார். என் அண்ணன் மகள் வெள்ளை உடுப்போடு எங்கள் சபைக் கோவிலில் விடுதிப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் அதற்குள் மனதில் பலமுறை பார்த்துவிட்டிருந்தேன். பல பேச்சுப் பேசுகிற பிள்ளைக்கு ஒன்றும் உருப்படியாக வராது என்பதையும் அந்தக் காலத்தில் நிஜமாகவே நம்பினேன்.

பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மையாரை நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். தாய் தகப்பன் இருவரும் எந்தச் சபை, நற்கருணை எடுப்பவர்களா என்று கேட்பது அங்கே வழக்கம். தகப்பனைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். தாயைப் பற்றிக் கேட்டபோது, “கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்” என்றேன். எங்கள் சபையில் அப்படிச் சொன்னபிறகு யாரும் மேலே கேட்க மாட்டார்கள். செத்தவள் விசுவாசி என்பதும் அதிலேயே அடங்கிவிடும். மிஸ்ஸியம்மா பிள்ளையின் தலையைத் தடவினார். என் விரலைப் பிடித்திருந்த கை நழுவியது. அந்தத் தொடர் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். வண்டியில் திரும்பும்போது அர்த்தம் கேட்டாள். சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகச் சொல்கிற பேச்சு, நீயும் அங்கே அப்படியே சொல்லவேண்டும், பர்மியப் பேச்சு பேசக்கூடாது என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்த மரத்துண்டையும் வாங்கி எடுத்து வைத்துக்கொண்டேன்.

இடம் கிடைத்தது, விடுதியில் சேர்த்தேன். அங்கே தாயில்லாப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொருத்திக்கும் சபையில் ஒரு பெண் தாய் ஸ்தானத்தில் நிற்பாள். சனிக்கிழமைதோறும் வந்து எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, தலை பின்னிவிடுவாள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் குருவானவர், “தாயில்லாப் பிள்ளைகள் எழுந்து நிற்கலாம்” என்பார். பிள்ளைகள் நிற்பார்கள், சபை அவர்களுக்காக ஜெபிக்கும். அன்பான வழக்கம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் பிள்ளைக்கு ஓர் உபதேசியாரின் விதவை தாயாக வாய்த்தார். அவர் ஒருநாள் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். நேத்து எண்ண தேய்க்கும்போது, எங்கம்மா இவ்வளவு அழுத்தித் தேய்க்க மாட்டாள்னு சொல்லுதா. தேய்ச்சதில்லன்னு சொல்லல, தேய்க்க மாட்டாளாம். செத்தவளப் பத்தி யாராச்சும் அப்படிப் பேசுவாவளா?”

பிள்ளைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கண் கலங்கி, இனி இன்னும் பையத் தேய்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அவளிடம் பழைய பேச்சு குறைந்திருந்தது. கயிறு தாண்டினாள், எண்ணவில்லை. ஒரு சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“சித்தப்பா, நான் கோயில்ல நின்னா, அங்க அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருமா?”

“ஒண்ணும் ஆகாது. எல்லாரும் நிக்கும்போது நீயும் நில்லு,” என்றேன். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது மதினிக்குக் காய்ச்சல் என்று அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. என் மனைவி அதைப் பிள்ளையிடம் மறைக்கவில்லை. சனிக்கிழமை விடுதிக்கு முறுக்குக் கொண்டுபோனவள் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நாள் மாதக் கடைசி ஞாயிறு.

குருவானவர் வழக்கம்போல் சொன்னார். பிள்ளைகள் எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை. விடுதி மேற்பார்வைக்காரி பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். எழவில்லை. கையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் பேசினாள். உரக்கவும் பேசவில்லை. ஆனால் கோவில் அமைதியாக இருந்தது.

“எங்கம்மா இருக்கா. காய்ச்சல்ல கெடக்கா. என்னைய நிக்கச் சொல்லாதீங்க. நான் நின்னு நின்னுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்துட்டு.”

குருவானவர் என்னைப் பார்த்தார். ஆண் பிள்ளைகளோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸியம்மாவும் திரும்பிப் பார்த்தார். சபை முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெபம் நடந்தது. ஆராதனை முடிந்தபின், கோவிலில் பொய் சொன்னதற்காக அவளை விடுதி வராந்தாவில் முழங்காலில் நிறுத்தினார்கள். நான் அந்த வழியாகத்தான் வெளியே வந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

செத்தவள் என்று சொன்னதைக்கூட நான் ஒருவாறு விளக்கிச் சொல்லிவிடுவேன். அந்த வராந்தாவைத் தாண்டி நடந்து வந்ததற்கு இத்தனை வருஷமாக என்னிடம் விளக்கம் இல்லை.

வீட்டில் என் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு உலையை இறக்கி வைத்தாள். “நீங்க போய்ச் சொல்லுதியளா, நான் போகவா?” என்றாள். அன்று சாயங்காலமே பாலம் தாண்டிப் போய் மிஸ்ஸியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு சபையார் முன்னால் நின்று ஒப்புக்கொண்டேன். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். வெளியே வந்ததும் ஒருவர்கூட ஏன் பொய் சொன்னீர் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் யார், எந்த ஜனம், தாலி கட்டினாரா என்று அண்ணனைப் பற்றித்தான் கேட்டார்கள். என் வேலை போகவில்லை. நிர்வாகம் ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டது. பிள்ளையைத்தான் அழைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். விதவை அம்மாள் மட்டும் வாசல்வரை வந்து, அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டு உள்ளே போனார்.

மரத்துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இழைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மதினி எழுந்து நடமாடுவதாகச் செய்தி வந்தபோதுதான் அம்மியில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். அங்கே சபை எது என்று கேட்கவில்லை. தலைமை வாத்தியார் பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார். பிறகு சும்மா பேச்சுக்குத்தான், “அம்மா இருக்காவளாட்டி?” என்றார்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இங்கே என்ன சொல்லவேண்டும் என்று கேட்கிற பார்வை.

“சொல்லும்மா,” என்றேன்.

“இருக்கா,” என்றாள்.

அங்கே இரண்டு வருஷம் படித்தாள். கொழும்பிலிருந்து திரும்பிவந்த ஒரு நெசவுக்காரர் மகளோடு சேர்ந்துகொண்டு, ஒருத்தி சிங்களமும் ஒருத்தி பர்மியமுமாக வம்பளப்பார்கள். தமிழை நன்றாக எழுதக் கற்றாள். பிறகு அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தப்புன்னு பிள்ளகிட்டச் சொன்னியாலே?” என்று மட்டும் கேட்டார். அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அப்போது அவள் தலையை ஆட்டினாள். ஒரு பிள்ளை வேறென்ன செய்யும்?

பல வருஷம் கழித்து ஒருமுறை தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அந்தப் பிள்ளைகள் எங்கள் முற்றத்தில் நாலு பாஷையில் சண்டை போட்டன. எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். சர்க்கார் பள்ளிக்கூடம் என்றாள். விரும்பித்தான் அங்கே போட்டாளா, வேறு வழியில்லையா என்று கேட்க வாய் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி, “அம்மா எப்படியிருக்காவ?” என்று கேட்டாள்.

அவள் கையில் கவளத்தோடு நிமிர்ந்தாள். மனைவியைப் பார்க்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். தான் பார்த்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

“நல்லா இருக்கா சித்தி,” என்றாள். “கண்ணுதான் கொஞ்சம் மங்கிட்டு.”