டாக்டர் சீட்டுக்குப் பின்னாடி தொங்கின டயல்

புஸ்ஸ்ஸுன்னு காத்து இறங்குற சத்தம்... கூடவே வெயில்ல சூடான ரப்பர் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும்.
அரியலூர்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான்.

எண்பதுகளோட தொடக்கம். எனக்கு சொந்த ஊர் பெரம்பலூர். நர்ஸ் படிப்பை முடிச்ச கையோட அரியலூர்ல ஒரு டாக்டரோட கிளினிக்ல சேர்ந்தேன். டாக்டருக்கு அம்பது வயசு இருக்கும். பாதி நேரம் கிளினிக், மீதி நேரம் அவரோட பழைய அம்பாசிடர்ல ஊர் ஊரா போய்ப் பிரசவம் பார்க்கிறது. மீன்சுருட்டி வரைக்கும்கூட போயிருக்கோம். டிரைவர் கிடையாது, அவரே ஓட்டுவார்.

அவருக்கு டிஸ்க் பிரச்சனை. ரோடோ, சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி குழியா கெடக்குற ரோடு. மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா... பழைய பி.பி. மெஷின் ஒண்ணைப் பிரிச்சு, கையில சுத்துற பட்டைக்குள்ள இருக்குமே ரப்பர் பை, அதை டிரைவர் சீட்டு முதுகுல வச்சுத் தைக்கச் சொல்லி குஷன் கடைக்காரர் உயிரை எடுத்துட்டார். டியூபு, அமுக்குற பல்பு, டயல் மூணும் சீட்டுக்குப் பின்னாடி தொங்கும்.

ஓட்டிக்கிட்டே அவரால திரும்பி அமுக்க முடியாதுல்ல... அதுக்கு ஆபரேட்டர் நான்தான். மடியில பிரசவப் பெட்டி, முன் சீட்டுல முட்டிக்கிட்டு நிக்கிற முழங்கால், கையில பல்பு.

"தனம், ஏத்தும்மா."
ரெண்டு அமுக்கு.
"போதும். கொஞ்சம் விடு."
ஸ்க்ரூவைத் திருகினா... புஸ்ஸ்ஸ்.

மூணு வருஷம் படிச்சது இதுக்குத்தான்னு ஹாஸ்டல் சிநேகிதிக்கு லெட்டர் போட்டேன்!

டயல்ல முள்ளு சும்மா நிக்காது. அவர் மூச்சை இழுத்தா ஒரு நூல் ஏறும், விட்டா இறங்கும். ஒருநாள் அவர்கிட்டயே சொன்னேன். "சார், நீங்க மூச்சு விடுறது இங்க தெரியுதுங்க."
சிரிச்சார். "அப்ப நான் ஓட்டிக்கிட்டே தூங்கிட்டா நீ கண்டுபிடிச்சுருவ."
அதுலேர்ந்து போற வழியெல்லாம் அந்த முள்ளைப் பார்க்கிறதே எனக்குப் பழக்கமாயிடுச்சு.

அன்னைக்கு ஏலாக்குறிச்சியில ஒரு பிரசவம். பொம்பளப் புள்ள, தாயும் புள்ளையும் நல்லா இருந்தாங்க. திரும்பும்போது மதியம் ரெண்டு மணி இருக்கும். நல்ல வெயில்.

திருமானூர் தாண்டினதும், "முதுகு என்னவோ பண்ணுது. ஏத்தும்மா"ன்னார்.
ஏத்தினேன்.
"இன்னும்."
ஏத்தினேன்.
"இன்னும் கொஞ்சம்..."
அவ்வளவு காத்து அவர் எப்பவும் கேட்டதே இல்ல. பின்கழுத்துல வேர்வை ஓடுச்சு. வெயிலுதானேன்னு நினைச்சேன். டிஸ்க்குதானேன்னு அவர் நினைச்சார். ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் ஒரே கார்ல உட்கார்ந்துக்கிட்டு... நெஞ்சு வலிக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தோம்.

கீழப்பழுவூருக்கு முன்னாடி ஒரு புளியமரத்தடியில வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார்.
"பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிறேன். எழுப்பாத."

நானும் எழுப்பல.

ஒரு இலைகூட அசையல. ரோட்டுல ஆள் இல்ல. எனக்கும் கண்ணை இழுத்துச்சு, ஆனா பழக்கதோஷம்... முள்ளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சின்னச் சின்னதா, கொஞ்சம் வேகமா. சரி, நல்லா தூங்குறார்னு நிம்மதியா இருந்தேன். பத்து நிமிஷம் இருபது ஆச்சு.

ஒரு கல்லு லாரி வந்து நின்னுச்சு. டிரைவர் இறங்கி டாக்டருக்கு வணக்கம் வச்சுக்கிட்டே ஜன்னல்கிட்ட வந்தவர், ஸ்டியரிங்ல இருந்த கையைத் தொட்டுப் பார்த்தார்.
"சிஸ்டரம்மா... கையி சில்லுனு இருக்குங்க."
"தூங்குறாருங்க"ன்னேன். "இந்தா பாருங்க, மூச்சு ஓடுது."
அவர் என் கையில இருந்த டயலைப் பார்த்தார். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தார். கதவைத் திறந்தார்.

லாரிக்காரங்க டாக்டரைத் தூக்கி வெளியில எடுத்தாங்க. நான் ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். அழுந்தி இருந்த சீட்டு முதுகு, காத்து நிறைஞ்சு, மெதுவா... ரொம்ப மெதுவா முன்னாடி உப்பி வந்துச்சு. யாரோ நிமிர்ந்து உட்கார்ற மாதிரி. நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

உடம்பைப் பார்த்த இன்னொரு டாக்டர், வண்டி நின்ன கொஞ்ச நேரத்துலயே போயிருக்கணும்னு சொன்னார். "இருபது நிமிஷமும் மூச்சு இருந்துச்சுங்க சார்"னு திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் நம்பல. டாக்டர் சம்சாரம் மட்டும் நம்பினாங்க. "கஷ்டப்படாம தூக்கத்துலயே போனாருல்ல, தனம்?"னு என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. ஆமாங்கன்னு தலையாட்டினேன்.

ஒரு மாசம் கழிச்சு, கிளினிக்ல யாரும் இல்லாத நேரமா பார்த்து, ஒரு பி.பி. பட்டையில காத்தடிச்சு செவுத்துல சாய்ச்சு வச்சேன். கார்ல உட்கார்ற மாதிரியே அதுமேல முழங்காலை முட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

முள்ளு துடிச்சுச்சு. சின்னச் சின்னதா, கொஞ்சம் வேகமா.

மூச்சு அவ்வளவு வேகமா ஓடாது. அது நாடி. ஒரு நர்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். இருபது நிமிஷமும் நான் பார்த்துக்கிட்டு இருந்தது என்னோட உசுரத்தான்.

இதை அந்த அம்மாகிட்ட நான் கடைசிவரை சொல்லல.

போன மாசம் பையன் புதுக் கார் வாங்கினான். "அம்மா, முன்னாடி உட்காருங்க. இந்த பட்டனை அமுக்கினா சீட்டே முதுகுக்குக் காத்து ஏத்தும், இறக்கும். யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்"னான். எவ்வளவு வசதி... அன்னைக்கு அதுக்குன்னே ஒரு ஆளா நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்.

அமுக்கினான். முதுகுக்குப் பின்னாடி மெதுவா உப்புச்சு, அமுங்குச்சு, திரும்ப உப்புச்சு.

பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். காலியாத்தான் இருந்துச்சு.

என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.
அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு.