செல்லாயி அம்மாள் கழுவிய புட்டிகள்

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்க வந்த, கொல்லிமலைக் குண்டூர் நாட்டுக்காரர் ஒருவர்தான் சொன்னார்: "செல்லாயக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே. ஒரு சிரமமும் இல்லீங்க."

சிரமமில்லை என்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொல்லிமலையில் எங்கள் மூலிகைச் சோதனைக் கூடத்தில் இரண்டு ஆண்டுகள் கண்ணாடிச் சாமான் கழுவியவர் அவர். அறிக்கை எதிலும் அவர் பெயர் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யுத்தத்தால் மருந்து கிடைக்காத காலம். மலை இலைகளில் எது சீழ்க் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பது என் வேலை. கூழ் உறைந்த தட்டில் கிருமியைப் பூசி, கூழில் குழி வெட்டி, புட்டியில் எடுத்துவைத்த இலைச்சாற்றை ஊற்றுவோம். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் இருந்தால் சாறு கொல்கிறது. அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஒரு வட்டமும் வரவில்லை, பூஞ்சைதான் வந்தது. எரிச்சலில் அவரிடம் கத்தினேன்: "இனிமேல் புட்டியில் பூஞ்சை வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்."

"ஆகட்டுங்க" என்றார்.

அடுத்த வாரம் மூன்று சாறுகளைச் சோதித்தேன். மூன்றும் வட்டம் காட்டின. மூன்றுமே கொன்றால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய தந்தியின் வாசகம்தான் வந்தது.

அப்போது செல்லாயி அம்மாளின் தம்பி காளியப்பன் கோடாலி பட்ட காலோடு கிடந்தார். சீழ்பிடித்து முழங்கால்வரை வீக்கம். சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக டோலி கட்டிவிட்டார்கள். நான்தான் தடுத்தேன். "எதற்கு? சோதனையில் தேறிய இந்தத் தழையை அரைத்துக் கட்டுங்கள், போதும்."

மறுநாள் விடிந்ததும் செல்லாயி அம்மாள் வந்து நின்றார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. பூஞ்சை வரக்கூடாதுன்னு மேசை தொடைக்கிற கார்பாலிக் தண்ணியில புட்டியெல்லாம் அலசி அப்படியே கமுத்தி வெச்சேனுங்க. கிருமி செத்தது தழையாலயா, அந்தத் தண்ணியாலயா?"

கவிழ்த்து வைத்திருந்த புட்டி ஒன்றை எடுத்தேன். "அந்தப் புட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றித் தட்டில் வைக்கிறேன். நாளைக்குத் தெரிந்துவிடும். அதுவரை…"

"உங்க தட்டு நாளைக்குச் சொல்லட்டும் சாமி. அவன் இப்பவே சேலத்துக்கு எறங்கட்டும்."

வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்த முகம் அது. தட்டை வைத்துவிட்டு நானும் டோலிக்குத் தோள் கொடுத்தேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. "நீங்க நடந்து வந்தாலே போதுங்க. உங்களையும் தூக்க ஆளில்லை" என்றார் செல்லாயி அம்மாள்.

மறுநாள் திரும்பி வந்து பார்த்தேன். வெறும் தண்ணீர் பெரிய வட்டம் போட்டிருந்தது. தந்தியைக் கிழித்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாகச் சேதி வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

"என் வேலை போச்சுங்களா?" என்று செல்லாயி அம்மாள் கேட்டார்.

"இல்லை. இனி வெந்நீரில் மட்டும் அலசுங்கள்."

அப்படி அலசிய புட்டிகளில் மூன்று சாறுகளையும் மறுபடி சோதித்தபோது ஒரு வட்டமும் வரவில்லை.

"அப்ப தழையில ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒன்றுமே இல்லை."

"ஆட்டுக்கு ஒடிச்சுப் போடறேனுங்க. ஆடாச்சும் மதிக்கும்."

அதன்பின் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்பார்: "வெறுந் தண்ணிக்கும் ஒரு குழி வெச்சீங்களா?" கோபம் வரும். ஆனால் வைத்தேன்.

சந்தையில் அந்த மிளகுக்காரரிடம் பாடையை யார் தூக்கினார்கள் என்று கேட்டேன்.

"தம்பிதானுங்க முன்னால. மேட்டுல தோள் மாத்தக் கூப்பிட்டோம், வுடலீங்க."

அந்த ஏற்றம் எனக்குத் தெரியும். அதைக் காளியப்பன் தன் இரண்டு கால்களாலும் ஏறியிருக்கிறார். போய் வாருங்கள், அம்மா.