மேடையில் ஒத்துக்கொண்ட அப்பா

மாணவர் நாடகம் போடுவது, பிறர் வீட்டுத் துக்கத்துக்கு நாற்காலி அடுக்கிக் கொடுக்கிற வேலை. நீங்களும் அடுக்கியவராக இருந்தால் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். நாளிதழ் வேலை முடிந்தபின், கிள்ளானில் ஒரு கல்லூரித் தமிழ்க் கழகத்துக்கு நாடகம் இயக்கித் தருகிறேன். கடைசியாகப் போட்டதில் மிஞ்சியவை இவை.

எழுதியவள்

இரண்டாமாண்டு மாணவி துர்கா கதையோடு வந்தாள். லோரி ஓட்டிய அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மகளுடையது பொருந்தும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான் மறுக்கிறார். கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றில் தழும்பு விழுந்தால் எவன் கட்டுவான் என்பது அவர் கேள்வி. வீட்டில் அந்தப் பேச்சுக்கே தடை.

அவள் எழுதிய நாடகத்திலோ, கடைசிக் காட்சியில் அப்பா சம்மதிக்கிறார். மகள் வேடம் அவளுக்கே. முடிவு கொஞ்சம் அவசரமாக இருக்கிறது, மாற்றலாமே என்றேன்.

“மாத்தாதீங்க சார். வீட்டுல நான் வாயைத் தொறந்தாலே எழுந்து போயிடுவாரு. ஹால்ல, நாலு பேரு முன்னால எழுந்து போக வெக்கப்படுவாரு.”

கட்டில்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய தளவாடக் கடையில் கட்டில் இரவல் கேட்டோம். கடைக்காரர் உடனே சரி என்றார். லோரிக்கும் போன் போட்டார். போட்டுக்கொண்டே, எந்த சீனுக்கு என்று கேட்டார். நோயாளி படுக்க என்றேன். போன் மேசைக்குத் திரும்பியது.

“கல்யாண சீனுன்னா ரெண்டு கட்டில் அனுப்புவேன் அண்ணே. சீக்காளி படுத்ததுன்னு தெரிஞ்சா அப்புறம் யாரு லா வாங்குவா?”

வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து துர்கா சொன்னாள்:

“எழுதினவளைக் கேட்டிருக்கலாம்ல சார்? டயாலிசிஸ் சென்டர்ல கட்டிலே கிடையாது, சாயுற நாற்காலிதான்.”

அப்பா வேடம்

கம்போங் மேடான் பகுதிப் பையன் யோகேஷுக்கு அப்பா வேடம். அவன் கையில் நாங்கள் பிளாஸ்திரி ஒட்டியதைப் பார்த்ததும் அவன் அம்மாவின் முகம் மாறிப்போனது. மறுநாள் கோயில் கயிறு கொண்டுவந்து பிளாஸ்திரிக்கு அடியில் கட்டினார். ஒத்திகை முடிந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி வராந்தாவில் எரித்தார். தீப்பிடித்துவிட்டது என்று கல்லூரிக் காவலர் ஓடிவந்தார். அந்த அம்மா இருமிக்கொண்டே என்னிடம் கெஞ்சினார்.

“சார், அவனுக்கு டாக்டர் வேசம் குடுங்க, வக்கீல் வேசம் குடுங்க. சீக்கு மட்டும் குடுக்காதீங்க.”

சனிக்கிழமை

மண்டபம் சனிக்கிழமை மாலை கிடைத்தது. சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது. துர்கா அதில் கிழமையின் மேல் விரலை வைத்தாள். டயாலிசிஸ்காரர் வீட்டில் யாரும் செய்யாத தப்பை நான் செய்திருந்தேன். செவ்வாய், வியாழன், சனி மதியம் அவள் அப்பாவின் முறை. மெஷினில் ஏறி இறங்கினால் நாலைந்து மணி நேரம் எழுந்து நடக்கவே மாட்டார். ஒரே ஓர் ஆளுக்காக எழுதிய நாடகம், அந்த ஆள் வர முடியாத நாளில்.

அதே சென்டரில் காலை முறையில் இருந்த ஒரு சீன அங்கிள் அந்த ஒரு நாள் மட்டும் இடம் மாற்றிக்கொண்டார். அவர் மலாய் மொழியில் சொன்னதை, துர்காவின் அப்பா வீட்டில் தமிழில் சொல்லிச் சிரித்தாராம்.

“போய்ப் பாரு லா. என் பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருக்காங்க. என்னை வெச்சு யாரும் நாடகம் போடமாட்டாங்க.”

கடைசிக் காட்சி

துர்காவின் அப்பா, காலையில் ஊசி குத்திய கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மனைவியைப் பிடித்தபடி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் நாற்காலியில் சாய்ந்திருந்த யோகேஷ், “சரிம்மா, குடு” என்றபோது மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அவர் எழுந்து போகவில்லை. கைதட்டவும் செய்தார்.

வேடம் கலைக்காமலே ஓடிவந்து எதிரில் நின்றாள் துர்கா. யாரோ நீட்டிய தேநீரில் அவர் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, கோப்பையை மனைவியிடம் கொடுத்தார். அவருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. பிறகு மகளின் தலையில் கை வைத்தார்.

“நல்லா நடிச்சம்மா. ஆனா அந்த அப்பன் ரொம்ப சீக்கிரம் ஒத்துக்கிட்டான். பொம்பளப் பிள்ளைய வளர்த்தவன் அப்படி ஒத்துக்க மாட்டான்.”

எத்தனையோ நாடகங்களுக்கு விமர்சனம் எழுதியவன் நான். முடிவு பிடிக்காத ஒரு பார்வையாளர், செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி தன் டயாலிசிஸ் நாற்காலியில் போய்ச் சாய்ந்ததைவிடக் கடுமையாக ஒரு வரியும் எழுதியதில்லை.